குடக்காரர் தாளம் தப்பியது எங்கே? இரணியல் வீட்டு வீடியோ கேம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

புகார் இதுதான். முப்பது வருஷத்துக்கு மேலாக வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிக்கிற ஒருவர், ஒரு சின்ன தாள வீடியோ கேமில் திரும்பத் திரும்பத் தோற்கிறார். அவருடைய தம்பி பிள்ளைகள் எந்த வாத்தியமும் தொட்டதில்லை. அவர்கள் அதே கேமை சர்வசாதாரணமாக ஆடுகிறார்கள். "பெரியப்பாவுக்குத் தாளமே வரல" என்று வீட்டில் ஒரு பேச்சு. கோயில் திருவிழாவான கொடை ஒவ்வொன்றிலும், முதன்மைப் பாடகரான அண்ணாவி இவரை நம்பித்தான் பாட்டை எடுக்கிறார் என்பதை வைத்துப் பார்த்தால், இது சின்ன அவமானம் இல்லை.

நான் குமரி மாவட்டம் தக்கலையில் டிவி சர்வீஸ் பார்க்கிறேன், சீசனில் மைக்செட்டும் போடுவேன். அந்த வகையில் இந்தக் குடக்கார அண்ணாச்சி எனக்குப் பழக்கம். ஐப்பசி மழையில் கொடையும் கிடையாது, மைக்செட்டுக்கும் வேலை கிடையாது. அதனால்தான் இந்த விஷயத்தை இவ்வளவு தோண்டிப் பார்க்க நேரம் கிடைத்தது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டத்தில் இப்படிச் சும்மா இருக்கிற நாட்களுக்குப் பஞ்சமில்லை.

முதலில் கேமைப் பற்றி. அதன் பெயர் பிட்.ட்ரிப் பீட். கைஜின் கேம்ஸ் என்ற சிறிய அமெரிக்கக் குழு செய்து, 2009 மார்ச்சில் நின்டெண்டோ வீ கன்சோலுக்கு வெளியிட்டது. கடையில் சிடியாக வாங்குகிற கேம் இல்லை இது. வீ கன்சோலுக்குள்ளேயே இருந்த ஷாப்பில் 600 பாயிண்ட், அதாவது 6 டாலர் அளவுக்குப் பணம் கட்டி டவுன்லோட் செய்ய வேண்டியிருந்தது. அப்படி இறக்குகிற கேம்களுக்கு வீ-வேர் என்று பெயர். ஒரு கேம் சுமார் 40 எம்பிக்கு மேல் போகக் கூடாது என்பது அங்கே விதியாக இருந்தது. கன்சோலின் மொத்த உள்நினைவகமே 512 எம்பிதான்.

பார்க்க 1972-இல் வந்த பாங் போலவே இருக்கும். திரையின் இடது ஓரத்தில் ஒரு மட்டை. வலது பக்கமிருந்து புள்ளிகள் பறந்து வரும். ரிமோட்டைக் கிடையாகப் பிடித்து முன்னும் பின்னும் உருட்டினால் மட்டை மேலும் கீழும் போகும். புள்ளி மட்டையில் பட்டால் ஒரு ஸ்வரம் ஒலிக்கும். அடியில் ஓடுகிற இசையோடு இந்த ஸ்வரங்களும் சேர்ந்தால்தான் பாட்டு முழுசாகும். தவறவிட்டால் அந்த இடத்தில் பாட்டில் ஓட்டை விழும். ஆக, ஆடுகிறவர் பாட்டைக் கேட்கிறவர் மட்டுமில்லை, அதில் ஒரு வாத்தியக்காரரும்கூட. குடக்காரருக்கு இந்த கேம் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

நிறைய தவறவிட்டால் நெதர் என்ற நிலைக்கு விழுவோம். திரை கருப்பு வெள்ளையாகிவிடும், பின்னணி இசை நின்றுவிடும், ரிமோட்டில் இருக்கிற குட்டி ஸ்பீக்கரிலிருந்து மட்டும் 'கிளிக்' போன்ற சத்தம் வரும். அங்கேயும் சொதப்பினால் ஆட்டம் முடிந்தது. ஒழுங்காகப் பிடித்தால் மறுபடி கலருக்கு ஏறலாம். இந்த நெதர் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடயம் அங்கேதான் கிடைத்தது.

கேம் இந்த வீட்டுக்கு வந்தது ஷார்ஜா வழியாக. தம்பி அங்கே வேலை பார்த்தபோது கன்சோலும் கேமும் வாங்கி, ஊர் திரும்பும்போது பெட்டியோடு கொண்டுவந்தார். நம் மாவட்டத்தில் வளைகுடாவிலிருந்து வந்த பொருள் இல்லாத தெரு ஏது? வீ ஷாப் 2019 ஜனவரி 30 அன்று மூடப்பட்டது. வாங்கிய கேம் வாங்கிய கன்சோலோடு கட்டுண்டது, புதிதாக வீயில் வாங்க வழியில்லை. பிட்.ட்ரிப் வரிசை பிற்பாடு கம்ப்யூட்டருக்கும் ஸ்விட்சுக்கும் வந்தது வேறு கதை. இந்த வீட்டுக்கு அந்தப் பெட்டிதான் கேம்.

சரி, கனெக்‌ஷன். வீயில் கூடவே வருகிற மூன்று வயர்: மஞ்சள் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. மஞ்சளை 43 இஞ்ச் எல்இடி டிவியின் ஏவி துளையில் சொருகியிருந்தார்கள். டிவியின் சொந்த ஸ்பீக்கர் தகரத்தில் தட்டுவது போலிருக்கிறது என்று பிள்ளைகள் சிவப்பு வெள்ளையை நேராகப் பழைய ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபையருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பார்க்க எந்தத் தப்பும் இல்லை. எத்தனையோ வீட்டில் இப்படித்தான் இருக்கிறது.

நான் போய் உட்கார்ந்ததும் அண்ணாச்சி சொன்ன முதல் வாக்கியம்: "சத்தம் முந்துது மக்கா." பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் விடவில்லை. "மட்டையில படுறதுக்கு முன்னாடியே சத்தம் வந்துருது. சவம், நம்மளக் கேலி பண்ணுது." நோயாளியே நோயைச் சொல்லிவிட்டார் என்று எனக்கு அப்போதே பட்டது. ஆனாலும் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வர வேண்டுமே.

கண் என்றார் வீட்டம்மா. ஐம்பது தாண்டிய கண்ணுக்கு வெள்ளெழுத்து வரும், அது கிட்டத்துப் பார்வைக் கோளாறு. ஆறேழு அடி தள்ளியிருக்கிற டிவிக்கு அது தொந்தரவு இல்லை. ரிமோட்டின் பேட்டரி புதிது. டிவிக்கு மேலே வைக்கிற சென்சார் பார் ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் அது திரையைச் சுட்டும் கேம்களுக்குத்தான் வேண்டும். இந்த கேம் ரிமோட்டுக்குள் இருக்கிற சாய்வு உணர்வியை வைத்து ஓடுவது. ரிமோட் ப்ளூடூத்தில் பேசுகிறதே, அதுதான் தாமதம் என்று மூத்தவன் ஒரு யோசனை சொன்னான். ப்ளூடூத் ஸ்பீக்கரிலும் ஹெட்போனிலும் தாமதம் வருவது உண்மை. சத்தத்தைச் சுருக்கி, சேர்த்துவைத்து, விரித்துக் கொடுப்பதில் 100, 200 மில்லி செகண்ட் போய்விடும். ரிமோட் அனுப்புவது அந்த மாதிரிச் சுமை இல்லை, சின்னச் சின்ன எண்கள். அதே ரிமோட்டில்தான் பிள்ளைகளும் ஆடுகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அவர் ஆடுவதைச் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். தொடங்கிய கொஞ்ச நேரத்தில் நெதரில் விழுந்தார். கருப்பு வெள்ளையில், இசையே இல்லாமல், பொறுமையாக ஒவ்வொன்றாகப் பிடித்து மேலே ஏறினார். கலரும் இசையும் வந்தன. உடனே விழுந்தார். மறுபடி ஏறினார், மறுபடி விழுந்தார். தாளம் தெரியாதவன் நெதரில் சாவான், இவர் நெதரில்தான் நன்றாக ஆடுகிறார். இசை இருந்தால் தோற்கிறார், இல்லாவிட்டால் ஜெயிக்கிறார். ஒரு குடக்காரருக்கு இது நடக்கவே கூடாத காரியம்.

ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு எல்லாரையும் ஆடச் சொன்னேன். பிள்ளைகளின் ஆட்டத்தில் மாற்றமே இல்லை. அவர்கள் சத்தத்தைக் கேட்டு ஆடவே இல்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. முழுக்கக் கண்ணால் ஆடுகிறார்கள். அண்ணாச்சியோ சத்தம் நின்றதும் தேறினார். அவருக்கே அது பிடிக்கவில்லை. "சத்தமில்லாம ஆடுறதுக்கு நான் எதுக்கு?" என்று ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார்.

இனி அளந்துதான் பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். இப்போதைய போன்களில் நொடிக்கு 240 படம் எடுக்கிற ஸ்லோ மோஷன் இருக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் 4 மில்லி செகண்டுக்குச் சற்று மேல். ரிமோட்டைப் பிடித்த கையும் டிவியும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி போனை நிறுத்தி, ரிமோட்டைச் சட்டென்று உருட்டி, கை அசைந்த படத்துக்கும் திரையில் மட்டை அசைந்த படத்துக்கும் நடுவே எத்தனை என்று எண்ணினால் போதும். ஆனால் இதில் வருவது மொத்தத் தாமதம். ரிமோட், கன்சோல், கேம், டிவி எல்லாம் சேர்ந்தது. டிவியின் பங்கை மட்டும் பிரிக்க, தாமதமே இல்லாத இன்னொரு டிவி வேண்டும்.

அது மச்சில் கிடந்தது. 2006 தேர்தலுக்குப் பிறகு தமிழக அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 இஞ்ச் இலவச கலர் டிவி. பிக்சர் டியூப் வைத்த பழைய டிவி, சிக்னல் வரவர அதை வரி வரியாகத் திரையில் வரைந்துகொண்டே போகும். எதையும் சேர்த்து வைத்து யோசிக்காது. எல்இடி டிவி அப்படி இல்லை. வீயின் மஞ்சள் வயரில் வருவது ஒரு வரி விட்டு ஒரு வரியாக, பாதிப் பாதியாக வரும் படம். டிவி முதலில் இரண்டு பாதியையும் வாங்கி ஒட்ட வேண்டும். பிறகு 480 வரியைத் தன் பேனலின் 1080 வரிக்கு இழுக்க வேண்டும். பிறகு புள்ளிபுள்ளியாகத் தெரிவதைத் துடைக்க வேண்டும், அசைவை வழுவழுப்பாக்க நடுவே இல்லாத படங்களைக் கற்பனை செய்து நுழைக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒன்றோ இரண்டோ பிரேமைக் கையில் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு பிரேம் என்பது நொடியில் 60-இல் ஒன்று, 16.7 மில்லி செகண்ட். கிரிக்கெட் பார்க்க இதெல்லாம் நல்லதுதான்.

இரண்டு டிவியிலும் எடுத்த வீடியோவை ஒப்பிட்டால், எல்இடி பிந்துவது ஆறேழு பிரேம் அளவுக்கு வந்தது. சுமாராக 100 மில்லி செகண்ட், கொஞ்சம் கூடவே. கேட்பவருக்கு இது ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். நிமிஷத்துக்கு 120 அடி போகிற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அடிக்கு அரை நொடி. அதற்குள் 'தகதிமி' என்று நாலு சொல் சொன்னால் ஒரு சொல்லுக்கு 125 மில்லி செகண்ட். அதாவது டிவி கிட்டத்தட்ட ஒரு சொல் பிந்தி நிற்கிறது. காது 'தி'யில் இருக்கிறது, கண் இன்னும் 'க'வைத் தாண்டவில்லை.

இங்கேதான் ஆம்ப்ளிஃபையர் வயர் வில்லனாகிறது. சத்தத்தையும் டிவிக்கே கொடுத்திருந்தால், பேசுகிறவரின் உதடும் குரலும் பொருந்த வேண்டுமே என்று டிவி சத்தத்தையும் அதே அளவு பிடித்து வைத்துத்தான் விடும். இந்த வீட்டில் சத்தம் கன்சோலிலிருந்து நேராக ஆம்ப்ளிஃபையருக்கு, அங்கிருந்து உடனே ஸ்பீக்கருக்கு. படம் மட்டும் பின்னால் வருகிறது. "சத்தம் முந்துது" என்று அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒளிபரப்புக்காக 1998-இல் வெளியிட்ட பரிந்துரையில் ஒரு கணக்கு இருக்கிறது: சத்தம் படத்துக்கு 45 மில்லி செகண்ட் முந்தினாலே மனிதருக்குத் தெரிந்துவிடும், பிந்தினால் 125 வரைக்கும் தெரியாது. இயற்கையில் மின்னல் முதலில், இடி பிறகு. சத்தம் முந்துவதைப் பார்த்து நமக்குப் பழக்கமில்லை. அதிலும் குடம் அடிக்கிற காது.

அவர் ஏன் தோற்கிறார் என்பது இப்போது தெளிவு. தாளம் தெரிந்தவன் அடியைக் கேட்டுவிட்டு அடிப்பதில்லை. அடுத்த அடி எப்போது விழும் என்று முன்கூட்டியே தெரிந்து, அதற்கு முன்பே கையைக் கிளப்புகிறான். சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் மெட்ரோனோம் கருவியோடு சேர்ந்து தட்டச் சொன்னால் சாதாரண ஆட்கள்கூடச் சில பத்து மில்லி செகண்ட் முந்தியே தட்டுவார்கள், பயின்றவர்களுக்கு அந்த வித்தியாசம் குறைவு. அண்ணாச்சியின் கை சத்தத்தோடு சரியாகக் கிளம்புகிறது. ஆனால் மட்டையை எந்த உயரத்தில் வைப்பது என்று காது சொல்லாது, அதற்குக் கண் வேண்டும். கண்ணோ "இன்னும் புள்ளி வரவில்லை, பொறு" என்கிறது. பொறுத்தால், கேமின் கணக்கில் புள்ளி தாண்டிப் போயாகிவிட்டது. தவறிவிட்டோம் என்பது முதலில் காதுக்குத் தெரிகிறது, கண்ணுக்கு அப்புறம்தான். நெதரில் இசை இல்லை, சண்டை போட இரண்டு பேர் இல்லை. அதனால் அங்கே பிழைக்கிறார்.

இதை அவருக்கு விளக்க நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. கொடையில் கோயில் முற்றத்திலிருந்து 35 மீட்டர் தள்ளித் தென்னையில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரைச் சொன்னேன். சத்தம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர்தான் போகும், அந்தக் குழாயிலிருந்து மேடைக்கு வர 100 மில்லி செகண்ட் ஆகும். "அதைக் கேட்டு அடிச்சா வில்லு ஒரு பக்கம், குடம் ஒரு பக்கம் போயிரும்லா" என்றார். பக்கத்தில் இருக்கிற உடுக்கையையும் வீசுகோல் விழுகிற வில்லின் மணியையும் மட்டும் கேட்டு, தூரத்துக் குழாயை மனசுக்குள் அணைத்துவிடுவது அவர்கள் தொழில் ரகசியம். பெரிய கச்சேரிகளில் தூரத்து ஸ்பீக்கர்களுக்கு வேண்டுமென்றே தாமதம் கொடுத்து எல்லாவற்றையும் ஒன்றாக்குவார்கள். நம்மூர் மைக்செட்டில் அதெல்லாம் கிடையாது, குடக்காரர் காதுதான் கருவி. டிவி முன்னால் அவர் எதை அணைப்பது? சத்தத்தை அணைத்தால் ஆட்டத்தில் சுவையில்லை, படத்தை அணைத்தால் ஆட்டமே இல்லை.

பழைய டிவியை வெறும் அளவுகோலாகத்தான் இறக்கினோம். வந்தது வந்தாயிற்று, எல்லாரும் ஒரு தடவை அதில் ஆடட்டும் என்றேன். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 14 இஞ்ச் திரை, மங்கல் படம், ஆனால் சத்தமும் படமும் ஒன்று. அண்ணாச்சி நெதர் பக்கமே போகவில்லை. பாதி லெவல் வரைக்கும் தோளை ஆட்டிக்கொண்டே ஆடினார். பிள்ளைகள் தடுமாறினார்கள். இளையவன் ஒவ்வொரு புள்ளிக்கும் சரியாக அதே அளவு முந்திக்கொண்டு கையை எடுத்தான். "இந்த டிவி சரியில்ல" என்று அவன் சொன்னதைக் கேட்டு வீடே சிரித்தது.

அவனுக்கு ஒரு குறையுமில்லை. எல்இடியில் நாளெல்லாம் ஆடி ஆடி, படம் பிந்தும் அளவுக்குக் கையை முந்த வைக்க மூளை தானாகவே கற்றுக்கொண்டுவிட்டது. தாமதமாகப் பதில் சொல்கிற திரையில் தடைகளைத் தவிர்க்கப் பழகியவர்கள், தாமதத்தை எடுத்துவிட்டதும் தடுமாறுகிறார்கள் என்று 2001-இல் வெளியான உளவியல் ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. பிள்ளைகளின் திறமை உண்மையானது. ஆனால் அது அந்த ஒரு டிவிக்கான திறமை.

இந்தச் சிக்கல் கேம் செய்கிறவர்களுக்குத் தெரியாததல்ல. 1996-இல் பராப்பா த ராப்பர் என்ற தாள கேம் வந்தபோது எல்லா வீட்டிலும் டியூப் டிவி, யாரும் இதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கிடார் ஹீரோ 2005-இல் வந்த காலத்தில்தான் தட்டை டிவிகளும் வீட்டுக்குள் வரத் தொடங்கின. 2008-இல் ராக் பேண்ட் 2 என்ற கேம், ஆடுவதற்கான தன் பிளாஸ்டிக் கிடாருக்குள்ளேயே ஒரு ஒளி உணர்வியும் மைக்கும் வைத்தது. கிடாரை டிவிக்கு நேரே காட்டினால் படம் எவ்வளவு பிந்துகிறது, சத்தம் எவ்வளவு பிந்துகிறது என்று அதுவே அளந்து சரிசெய்துகொள்ளும். பெரிய பெட்டியில் பிளாஸ்டிக் கிடாரோடு விற்ற கேமுக்கு அது கட்டுபடியாகும். 6 டாலருக்கு 40 எம்பியில் கேம் செய்கிற சின்னக் குழுவிடம் அதை எதிர்பார்க்க முடியாது. மெனுவில் தேடிப் பார்த்தோம், நேரத்தைச் சரிக்கட்ட ஒரு வழியும் கண்ணில் படவில்லை.

எனவே டிவி பக்கம்தான் கை வைக்க வேண்டும். படத்தைத் திருத்தும் வேலைகளைக் குறைத்துத் தாமதத்தைக் குறைக்கிற கேம் மோட் என்று ஒன்று மெனுவில் இருந்தது, ஆனால் அந்த டிவியில் அது எச்டிஎம்ஐ துளைக்கு மட்டும். ஏவி துளையில் போட்டால் அந்த வரி மங்கிப்போய் நிற்கும். இருந்ததை வைத்து அசைவு வழுவழுப்பு, இரைச்சல் துடைப்பு, தானியங்கி வெளிச்சம் எல்லாவற்றையும் அணைத்தேன். கொஞ்சம் குறைந்தது. அடுத்தது காம்போனன்ட் வயர்: பச்சை, நீலம், சிவப்பு என்று படத்துக்கு மட்டும் மூன்று பின். அதில் வீ பாதிப் பாதியாக அனுப்பாமல் 480 வரியையும் முழுசாக அனுப்பும், ஒட்டுகிற வேலை டிவிக்கு இல்லாமல் போகும். வீக்கு உரிய அந்த வயர் இங்கே கடைகளில் கிடைக்கவில்லை. தம்பியின் பழைய ரூம்மேட் ஒருவர் லீவில் வரும்போது கொண்டுவந்தார். கன்சோல் செட்டிங்ஸில் போய் 480பி என்று மாற்றவும் வேண்டும். பலர் வயரை மாற்றிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமான மாற்றம் பைசா செலவில்லாதது. சிவப்பு வெள்ளை வயரை ஆம்ப்ளிஃபையரிலிருந்து பிடுங்கி டிவிக்கே கொடுத்து, டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு இன்னொரு வயர் போட்டேன். இப்போது டிவி படத்தைப் பிடித்து வைத்தால் சத்தத்தையும் கூடவே பிடித்து வைக்கிறது. இரண்டும் பிந்துகின்றன, ஆனால் ஒன்றாகப் பிந்துகின்றன.

மறுபடி அளந்ததில் பழைய டிவியைவிட மூன்று பிரேம் போல மிச்சம் இருக்கிறது. அந்த டிவியில் இதற்குக் கீழே கொண்டுவர எனக்கு வழி தெரியவில்லை. அண்ணாச்சிக்கு முதல் உட்காரலில் கை கொஞ்சம் பிந்தியது, அப்புறம் பிடிபட்டுவிட்டது. கண்ணும் காதும் ஒரே பேச்சு பேசினால், இரண்டும் சேர்ந்து தாமதமாக வந்தாலும் மனுஷன் சமாளித்துக்கொள்வான் என்பதற்கு இவரைவிட நல்ல சாட்சி எனக்குத் தேவையில்லை. பிள்ளைகளுக்குத்தான் பழைய பழக்கம் போகக் கொஞ்சம் காலம் பிடித்தது. மூத்தவன் இப்போது சத்தத்தையும் கேட்டு ஆடுகிறான், இளையவன் இன்னும் கண்ணால்தான்.

ட்ரான்சிஷன் என்ற முதல் லெவலை அண்ணாச்சி முடித்துவிட்டார். இரண்டாவது பொறுமையைச் சோதிக்கிறது. அதில் தோற்பதற்கு டிவியைக் காரணம் சொல்ல முடியாது, கேமே அவ்வளவு கடினம். இதற்கிடையில் பங்குனிக் கொடைக்கு அச்சாரம் வாங்கிய கையோடு எனக்கு ஒரு உத்தரவும் வந்திருக்கிறது: மேடையைப் பார்த்துத் திருப்பிக் கட்டுகிற அந்த ஒரு குழாயை இந்த வருஷம் ரோட்டுப் பக்கம் திருப்பிக் கட்ட வேண்டுமாம்.